டெல்டாவில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு கிராமத்தில் பழைய வீடு வாங்கிக் குடிபுகுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முன்கட்டு நாட்டு ஓடு. இரண்டாம் கட்டு மெட்ராஸ் ஒட்டு மச்சு, அதாவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய தட்டைத் தளம். கொல்லைப் பக்கம் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் அறையும் கழிப்பறையும். ஒரே கூரைக்குள் மூன்று காலத்துக் கட்டுமானம் இருப்பதால், இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை எங்களுக்கு வந்துவிட்டன. பிறகு தங்கை வீட்டிலும், எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த இரண்டு வீடுகளிலும் அதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்ணில் படும் அறிகுறி, காசில்லாமல் செய்யும் சோதனை, சிறு செலவு, பெருஞ்செலவு, ஆள் அழைக்க வேண்டிய கட்டம் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன்.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: இது எந்த மாதம்?

வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து வயல் நிரம்பியதும் கிணறு ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேலிருந்து கொட்டும். ஜனவரி 28 வாக்கில் அணையை மூடுவார்கள். மாசியில் மண் காயத் தொடங்கிச் சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும். வீடு இந்த ஏற்ற இறக்கத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எனவே எந்த ஈரத்தைப் பார்த்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்:

- மழையே இல்லாமல் ஆடியில் ஈரம் தெரிகிறதா? தண்ணீர் தரையடியிலிருந்து வருகிறது.
- ஆடி, ஆவணி முழுவதும் காய்ந்திருந்து, ஐப்பசியின் முதல் கனமழைக்கு அடுத்த நாள் தெரிகிறதா? கூரையைப் பாருங்கள்.
- பங்குனி வெயிலிலும் அதே அளவு ஈரமா? ஏதோ ஒரு குழாய் கசிகிறது.

2022 இல் அணையை மே 24 அன்றே திறந்தார்கள். அந்த ஆண்டு எங்கள் ரேழிச் சுவரில் (வாசலை ஒட்டிய நடைவழி) ஓதமும், அதாவது சுவரில் ஏறும் ஈரமும், வழக்கத்தைவிட முன்னதாக ஏறியது. அதுவரை கூரையைத்தான் சந்தேகித்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது சமையலறையில் தொங்கும் மாத நாட்காட்டியிலேயே எழுதிவிடுகிறேன்: எந்தச் சுவர், எவ்வளவு உயரம், எந்தத் தேதி. புது வீட்டில் முதல் ஓராண்டு இப்படிக் குறித்து வைப்பதைவிடப் பயனுள்ள வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: மின்கசிவு, உத்திரத்தில் தொய்வு, குடிநீரில் கழிவு வாடை. இவற்றை அன்றே கவனிக்க வேண்டும்.

## சுவரில் ஓதம், உப்புப் பூத்துப் பொரிந்து விழுதல்

முதலில் ஈரத்தின் வடிவத்தைப் பாருங்கள். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பாலித்தீன் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் ஒட்டும் நாடாவால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

### அடியிலிருந்து முழங்கால் அல்லது இடுப்பு உயரம் வரை ஏறியிருந்தால்

வெளிப்புறம் போய் அதே சுவரின் அடியைப் பாருங்கள். பெரும்பாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருக்கும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரோ குளியலறைத் தண்ணீரோ சுவரை ஒட்டி ஓடுகிறது. ஒரு நாள் வாளி வைத்துப் பிடித்துத் தூரமாக ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் ஈரக்கோடு கீழே இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. மூன்றடி தள்ளி ஒரு சிறு வாய்க்கால் கட்டினால் போதும்.

சுவரை ஒட்டி மண், செங்கல் துண்டு, எரு, வாழைக்கன்று. எல்லாவற்றையும் அகற்றி, வீட்டின் உள்தரையைவிட வெளிமண் கீழே இருக்கும்படி வெட்டிவிடுங்கள். செலவு ஒரு ஆளின் ஒரு நாள் கூலி.

தெரு உயர்ந்துவிட்டது. தார்ச்சாலை மேல் தார்ச்சாலை போட்டதில் பல வீடுகளின் திண்ணை தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. தெருத் தண்ணீர் உள்ளே வராதபடி வாசலுக்கு வெளியே ஓர் ஓடை எடுத்து வடிகாலில் சேர்க்க வேண்டும். இதற்கு ஊராட்சியின் சம்மதம் தேவை.

இவை எதுவும் இல்லை என்றால், சுவரின் பூச்சைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குப் பிற்காலத்தில் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான பெயின்ட் அடித்திருப்பார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே காய வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நாங்கள் வந்த புதிதில் முழங்கால் உயரம் இருந்த ஓதத்தைச் சிமெண்ட் பூசி மூடச் சொன்னேன். வேலை செய்ய வந்த வயதான கொத்தனார், "இன்றைக்கு நிற்கும் தம்பி, அடுத்த ஆடிக்கு ஒரு முழம் மேலே வரும்" என்றார். அப்படியே வந்தது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது: தை பிறந்ததும் ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள். வைகாசி வரை சுவரை வெறுமனே விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், விருந்தினர் கேட்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். பூக்கும் உப்பைக் காய்ந்த தென்னந்துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளி வெளியே போடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். காய்ந்த பிறகு, நீற்றி இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறிய சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, வெள்ளையடியுங்கள். "விரைவில் இறுகும், கொஞ்சம் சிமெண்ட் சேர்க்கட்டுமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உப்பு அதற்குப் பின்னும் கொஞ்சம் பூக்கும். சுண்ணாம்புப் பூச்சு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை வெள்ளையடிக்கக் கேட்கும் பூச்சு, அவ்வளவுதான்.

சுவரடியில் துளையிட்டு ரசாயனம் செலுத்தும் வேலை இருப்பதிலேயே செலவு மிகுந்தது. மேலே சொன்ன எல்லாம் முடிந்து ஒரு முழு ஆண்டு பார்த்த பிறகே அதை யோசியுங்கள்.

### நடுச்சுவரில் வட்டமாக இருந்தால்

சுவருக்குள் குழாய் போகிறது. இரவு படுக்கும்போது எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கரியால் குறித்துவிடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உறுதி. தொட்டியிலிருந்து இறங்கும் வால்வுகளை ஒவ்வோர் இரவும் ஒன்றாக மூடிப் பார்த்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். பிறகு குழாய்க்காரரை அழையுங்கள். எந்தக் கிளை என்று சொல்லத் தெரிந்தால் அவர் ஒரு சுவரை மட்டும் உடைப்பார்.

### எப்போது பொறியாளர்

வீட்டுச் சாவியைச் சுவரில் குத்தினால் ஓர் அங்குலத்துக்கு மேல் மாவாக உள்ளே போகிறது. செங்கலின் முகமே உதிர்கிறது. அந்தச் சுவரின் மேல் உத்திரம் உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் எதைக் கண்டாலும் பூச்சு வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

## சுவரில் விரிசல்

களிமண் தரையில் விரிசல் இல்லாத பழைய வீடு கிடையாது. அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டு, இடைவெளியை அளந்து, பக்கத்திலேயே தேதியை எழுதுங்கள். ஒருமுறை சித்திரையில், ஒருமுறை கார்த்திகையில் அளக்க வேண்டும்.

கோடையில் திறந்து மழையில் மூடிக்கொண்டால்: மண் சுருங்கி விரிவது. அடைக்க வேண்டுமென்றால் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். சிமெண்ட் அந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காமல் பக்கத்தில் புது விரிசலை உண்டாக்கும்.

ஒரு மூலையில் மட்டும் படிக்கட்டுப் போலச் சாய்வாகப் போனால்: அந்த மூலைக்கு வெளியே போய்ப் பாருங்கள். உடைந்த கழிவுநீர்க் குழாய் மண்ணை இளக்கியிருக்கலாம். அல்லது சுவருக்கு மிக அருகில் பெரிய மரம் நிற்கலாம். குழாயைச் சரிசெய்துவிட்டு ஓராண்டு அளவு எடுங்கள். மரத்தை அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். களிமண்ணில் பெரிய மரத்தைத் திடீரென வெட்டினால் மண் ஈரம் ஏறி உப்பித் தரையைத் தூக்கும். முதலில் கிளைகளைக் குறையுங்கள்.

கைப்பிடிச் சுவரிலோ மச்சின் ஓரத்திலோ அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருந்தால்: இன்றே பிடுங்குங்கள். இரண்டு இலை இருக்கும்போது விரலால் வரும். இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டால் சுவரைப் பிரித்துத்தான் வேரை எடுக்க முடியும்.

விரிசல் 5 மி.மீ.க்கு மேல் அகன்றாலும், இரண்டு பருவத்திலும் மூடாமல் விரிந்துகொண்டே போனாலும், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் சுவர் சாய்ந்திருந்தாலும் பொறியாளரை அழையுங்கள்.

## கதவு இறுகிக்கொள்கிறது

கார்த்திகையில் கதவு இறுகினால் இழைப்புளியைத் தொடாதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. மாசியில் தானே சுருங்கும். இப்போது இழைத்துவிட்டால் கோடையில் விரல் நுழையும் இடைவெளி விழும். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். வாசற்கதவு அடியில் உரசினால் முதலில் கீல் ஆணிகளை முறுக்கிப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் இறுகினால் கதவை விட்டுவிட்டு நிலையைப் பாருங்கள்: நிலை சாய்ந்திருக்கும், மேல் மூலையில் விரிசலும் இருக்கும். அப்போது மேலே விரிசல் பற்றி எழுதிய பகுதிக்குப் போங்கள்.

## கூரை ஒழுகுகிறது

### ஓட்டுக் கூரை

பகலில் உள்ளே இருந்து விளக்கை அணைத்து மேலே பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் ஓடு நகர்ந்திருக்கிறது. பூனை, குரங்கு, தென்னை மட்டை, காற்று என்று நகர்வதற்குக் காரணங்கள் ஏராளம். மூங்கில் கழியால் உள்ளிருந்தே தள்ளிச் சரிசெய்துவிடலாம். உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். நாட்டு ஓடு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. இடிக்கும் வீடு எங்காவது இருந்தால் நூறு ஓடு வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் தெரியவில்லை, ஆனால் முற்றத்து மூலைகளில் ஒழுகுகிறது என்றால், இரண்டு சரிவுகள் கூடும் இடத்தில் உள்ள தகரத்தைப் பாருங்கள். வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஏறியிருக்கும். புரட்டாசி முடிவதற்குள் அதைக் கூட்டிவிட வேண்டும். நான் ஆயுதபூஜைக்கு வீடு கழுவும் நாளோடு இதைச் சேர்த்துவிட்டேன். சருகு இல்லாமலும் ஒழுகினால் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது. தச்சரை அழைத்துத் தகரத்தை மாற்றுங்கள்.

ஓட்டின் மேல் எந்தக் காரணத்துக்கும் நீங்களே ஏறாதீர்கள். ஏறத் தெரிந்தவர் சட்டத்தின் மேல் கால் வைத்து ஏறுவார். தெரியாதவர் ஓட்டின் மேல் வைப்பார்.

கடற்கரைப் பக்கம் வீடு என்றால் ஓரத்து ஓடுகளைச் சாந்து வைத்துப் பிடிக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, அந்தப் பக்கத்து உறவினர் வீட்டுக் கூரையைச் சீர்செய்யப் போயிருந்தேன். காற்று விளிம்பில் புகுந்து வரிசை வரிசையாகத் தூக்கியிருந்தது. சாந்து வைத்திருந்த பகுதி பெரும்பாலும் நின்றிருந்தது.

### மெட்ராஸ் ஒட்டு மச்சு

மேலே போய் முதலில் தண்ணீர் வெளியேறும் துளைகளைப் பாருங்கள். அடைத்திருந்தால் எடுத்துவிட்டு ஒரு மழை பாருங்கள். அடுத்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் விளிம்பு. மூன்றாவது, தட்டோடுகளின் இடுக்கு. இடுக்குகளில் பாசியும் புல்லும் இருந்தால் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடையுங்கள்.

எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் வெயில் நாளில் ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் விட்டு, மேடான பக்கம் நகருங்கள். ஒருவர் கீழே நின்று பார்க்கட்டும். மேட்டில் தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் புரியாது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிச் சோதிப்பதைப் பழைய மச்சில் செய்யக் கூடாது. மரம் அந்தப் பாரத்தைத் தாங்கும் நிலையில் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது.

கீழே இருந்து பார்க்க வேண்டியது உத்திரங்கள் சுவருக்குள் போகும் முனை. அங்கேதான் ஈரம் தங்கும். திருப்புளியை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால், அன்றே அந்த உத்திரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய மச்சில் வேலை தெரிந்த தச்சரையும் பொறியாளரையும் வரவழையுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

### கான்கிரீட் தளம்

செம்பழுப்புக் கறை மட்டும் என்றால் மேலே விரிசலை அடைத்து, தண்ணீர் நிற்காதபடி சாய்வு கொடுங்கள். பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால் அதன்மேல் சிமெண்ட் அப்பி மறைக்காதீர்கள். துரு உள்ளே தொடர்ந்து ஓடும். இதற்குப் பொறியாளர்தான் வேண்டும்.

## மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை

எங்கள் தெருவில் அதிகமாக அழைப்பு வருவது இதற்குத்தான். சத்தத்தைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

### சத்தம் வழக்கம்போல், தண்ணீர் மட்டும் இல்லை (கிணற்று மேட்டில் உள்ள மோனோபிளாக், அதாவது மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த வகை)

மோட்டாரை நிறுத்துங்கள். பம்பின் மேலுள்ள மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றுங்கள். நிரம்பி நின்றால் மூடிவிட்டு ஓட்டுங்கள். காற்றுப் புகுந்திருந்தது, அவ்வளவுதான். ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருந்தால் கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. இலையோ சிறு கல்லோ சிக்கியிருக்கும். குழாயைப் பிடித்துச் சற்றே மேலும் கீழும் குலுக்கிப் பாருங்கள். சரியாகாவிட்டால் குழாயைத் தூக்கி வால்வைக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

நிரம்பி நிற்கிறது, ஓட்டினால் கொஞ்சம் வந்து துண்டிக்கிறது என்றால், உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. இணைப்புகளில் ஒவ்வொன்றாக ஈரத்துணியைச் சுற்றிப் பாருங்கள். எந்த இணைப்பில் சுற்றியதும் தண்ணீர் சீராக வருகிறதோ அதுதான். சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினால் ஆள் வரும்வரை தாங்கும்.

இரண்டும் இல்லை, மாதமும் சித்திரை அல்லது வைகாசி என்றால், கயிற்றில் கல்லைக் கட்டிப் பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 25 அடிக்கு மேல் மேட்டிலிருந்து உறிஞ்ச எந்த மோனோபிளாக்காலும் முடியாது. மோட்டாரில் குறையில்லை. அணை திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் பொறுத்திருங்கள். ஒவ்வோர் ஆண்டும் இப்படியானால் கிணற்றுக்குள் திட்டு கட்டிப் பம்பை இறக்குவது முதல் வழி. நீர்மூழ்கி மோட்டார் அடுத்த வழி. முதல் கோடையிலேயே புதிதாகப் போர் போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். கயிறு கட்டி அளக்காமல் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

### உறுமுகிறது, சுழலவில்லை

சில நொடிகளில் நிறுத்துங்கள். விட்டால் காயில் எரிந்துவிடும். பலகையில் உள்ள வோல்ட் மீட்டரைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180க்குக் கீழே காட்டினால் ஓட்டவே வேண்டாம். நடவுக் காலத்தில் சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடும்போது எங்கள் பக்கம் மாலையில் இப்படி இறங்கும். இரவு பத்து மணிக்கு மேல் ஏறிவிடும். அண்டை வீட்டிலும் அதே நிலை என்றால் மின்வாரியத்திடம் புகார் செய்யுங்கள். அங்கே சரியாக இருந்து உங்கள் வீட்டில் மட்டும் குறைவு என்றால், கம்பத்திலிருந்து வரும் இணைப்பிலோ மீட்டரிலோ தளர்வு இருக்கிறது. நீங்கள் தொடக்கூடாத இடம் அது.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் உறுமினால் பெரும்பாலும் கண்டென்சர். மலிவான பொருள். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும், கையை உதறித் தள்ளும். மின்பணியாளரையே மாற்றச் சொல்லுங்கள்.

### பத்து நிமிடம் வந்து நின்றுவிடுகிறது, அல்லது மணல் வருகிறது

நீர்மூழ்கி மோட்டாரில் இப்படி நேர்ந்தால் போரில் ஊறும் அளவைவிட வேகமாக எடுக்கிறீர்கள். வெளியேறும் வால்வைப் பாதி மூடி ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து வந்தால் அப்படியே பயன்படுத்தலாம். மணல் புது வீட்டில் முதல் சில நாள் மட்டும் வந்தால் கவலையில்லை. நீண்ட காலம் ஓடாமல் கிடந்த போர் அப்படித்தான் கக்கும். வாரக்கணக்கில் வந்தால் உள்ளே உள்ள வடிகட்டிக் குழாய் கிழிந்திருக்கலாம். கம்ப்ரசர் வைத்துக் கழுவுகிறவர்களை அழையுங்கள். மணலோடு ஓட்டினால் மோட்டாரும் போய்விடும்.

## தண்ணீரின் நிறம், சுவை, வாடை

வெள்ளை வாளியில் பிடித்து இரவு முழுவதும் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் செந்நிறமாகி அடியில் வண்டல் படிந்தால் இரும்பு. திறந்த தொட்டியில் விட்டுக் காற்றுப் படவைத்து, மணல் வடிகட்டியில் இறக்கினால் பெரும்பாலும் தெளியும். பிடிக்கும்போதே கலங்கல் என்றால் மண். கிணற்றைச் சேறு வார வேண்டும்.

உப்புக் கரித்தால் கையடக்கக் கருவியால் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு) பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி லிட்டருக்கு 500 மில்லி கிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஆழமாகப் போகப் போக உப்பு கூடலாம். அங்கே "இன்னும் நூறு அடி போடலாம்" என்பவர் பேச்சைக் கேட்பதற்கு முன், பக்கத்து வீட்டுப் போரின் ஆழத்தையும் சுவையையும் விசாரியுங்கள்.

மழைக்குப் பிறகு கழிவு வாடை வந்தால், குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வுக்கூடங்கள் உண்டு. மாதிரி எடுக்கும் முறையை அவர்களிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். முடிவு வரும்வரை வேறு தண்ணீர்.

## கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை

ஒரு கழிப்பறையில் மட்டும் என்றால் அந்தக் குழாயில் அடைப்பு. எல்லாவற்றிலும் என்றால் கழிவுத் தொட்டி. எல்லாவற்றிலும் மெதுவாக இறங்கிக் "குளுக் குளுக்" என்று சத்தம் வந்தால் முதலில் காற்றுக் குழாயின் வாயைப் பாருங்கள். குளவிக்கூடோ அணில் கூடோ அடைத்திருக்கும்.

கார்த்திகையில் மட்டும் வந்து தையில் தானே சரியானால், உறை இறக்கிய குழிக்குள் நிலத்தடித் தண்ணீரே ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் லாரி வைத்து உறிஞ்சினாலும் இரண்டு நாளில் மறுபடி நிரம்பும். வெளியே தண்ணீர் அழுத்தும்போது உள்ளே காலி செய்தால் உறைகள் நகர்ந்து இடியவும் கூடும். குளியல் தண்ணீரை அந்தக் குழியில் விடாமல் வாழைக்குத் திருப்பிவிட்டு மழைக்காலத்தைக் கடத்துங்கள். கோடையில் தொட்டியைக் காலி செய்து, குழியை உயர்த்திக் கட்டுவது பற்றிக் கட்டடம் தெரிந்தவரிடம் பேசுங்கள்.

தொட்டிக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்குகிறவரையும் சேர்த்து. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "பழக்கப்பட்டவன்தான், ஐந்து நிமிட வேலை" என்று ஒருவரை யாராவது அழைத்து வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கழிவு உறிஞ்சும் லாரி மட்டுமே.

## மின்சாரக் கோளாறு

குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது: மெயினை அணையுங்கள். சோதனை வேண்டாம், மின்பணியாளரை அழையுங்கள். பெரும்பாலும் மோட்டாரின் கசிவும், காய்ந்துபோன எர்த் குழியும் சேர்ந்து செய்யும் வேலை. கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சில விளக்குகள் கண்ணைக் கூசும் அளவுக்கு எரிகின்றன, சில மங்குகின்றன: மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் அறுந்ததன் அடையாளம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். தாமதித்தால் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எல்லாம் போய்விடும்.

மழை பெய்தால் மட்டும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது: எல்லா எம்.சி.பி.களையும் (ஒவ்வொரு பாதைக்கும் உள்ள தனிச் சுவிட்ச்) கீழே தள்ளி, ஆர்.சி.சி.பி.யைப் போட்டு, ஒவ்வொன்றாக மேலே ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. திண்ணை விளக்கும் கொல்லை விளக்கும் முதல் சந்தேகத்துக்குரியவை. அடிக்கடி விழுகிறது என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றி நேராக இணைத்துத் தரச் சொல்லாதீர்கள். ஈரச் சுவரும் பழைய கம்பியும் உள்ள வீட்டில் உங்கள் குழந்தையைக் காப்பது அந்தக் கருவிதான். மரப்பட்டைக்குள் ஓடும் பழைய வயரிங் இன்னும் இருந்தால் மற்ற எந்தச் செலவுக்கும் முன் அதை மாற்றுங்கள்.

## கரையான்

சுவரில் மண் கோடு தெரிந்தால் நடுவில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. முதலில் சுவரில் சாய்த்த மரம், அட்டைப் பெட்டி, பழைய பத்திரிகைக் கட்டு எல்லாவற்றையும் அகற்றுங்கள். ஈரத்தின் காரணத்தைத் தீருங்கள். நிலையைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்டாலோ, உத்திரம் வரை கோடு போயிருந்தாலோ மருந்து அடிப்பவரை அழைக்க வேண்டும். கிணறும் போரும் எங்கே இருக்கின்றன என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

## முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது

முற்றத்துத் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் சலதாரையின் வெளிவாயைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வாங்கிய வீட்டில் அது எங்கே முடிகிறது என்று பல நேரம் விற்றவருக்கே தெரியாது. எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், "உங்கள் சலதாரை எங்கள் வேலிக்கு அடியில் வரும் தம்பி, நான் மருமகளாக வந்தபோதே அங்கேதான் இருந்தது" என்று காட்டினார். மேலே ஓரடி மண் மூடியிருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து முற்றத்தில் ஊற்றிவிட்டு, வெளியே எங்கே மஞ்சள் வருகிறது என்று பார்த்தாலும் தெரியும். மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். திறந்ததும் வெளிவாயில் கம்பி வலை வைத்துவிடுங்கள். வயலில் தண்ணீர் ஏறும்போது பாம்புகள் மேட்டைத் தேடி அந்த வழியாகத்தான் வருகின்றன. வந்துவிட்டால் அடிக்க வேண்டாம்; அறையை மூடி, கதவிடுக்கில் துணி அடைத்து, தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

## வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள்

விடாமல் இரண்டு மூன்று நாள் மழை. சுவரிலிருந்து சின்னச் சின்னக் காரைத் துகள்கள் தானாக உதிரும் சத்தம். காலையில் மூடிய கதவு மாலையில் மூடவில்லை. நேற்று இல்லாத விரிசலில் இன்று விரல் நுழைகிறது. உத்திரம் முனகுகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் பொருள்களை எடுக்க நிற்காமல், மெயினை அணைத்துவிட்டு, குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வாசல் பக்கமாக வெளியேறுங்கள். அந்தச் சுவரின் மறுபக்கத்தில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் நான்கைந்து நாள் உள்ளே படுக்க வேண்டாம். ஊறிய சுவர் காயும்போதும் விழும்.